தங்மார்க் பாட்டிக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அம்மாவும் நானும் நலமாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். அம்மாவுக்குக் காய்ச்சலும் விட்டுவிட்டது. அன்று காஷ்மீரின் குல்மார்க் சாலையில் நாங்கள் பனியில் சிக்கிக்கொண்டதை விசாரித்துத் துடித்துப்போனவர்கள் நீங்கள். அதை மறுபடி சொல்லி உங்களைக் கலங்கவைக்கப் போவதில்லை.

குல்மார்க்குக் கீழே உள்ள தங்மார்க் அருகே, எங்களுக்குக் கதவைத் திறந்த கிராமத்து வீட்டுப் பாட்டிக்குத்தான் முதல் வணக்கம். சோறும் கம்பளியும் யாரும் கொடுத்திருப்பார்கள். பாட்டி அம்மாவின் கையில் ஒரு காங்ரியைக் கொடுத்தார்: பிரம்புபோல் பின்னிய கூடைக்குள் மண்சட்டி, அதில் சாம்பல் போர்த்திய கரிநெருப்பு. தன் ஃபெரன் அங்கியையே அம்மாவுக்கு மாட்டிவிட்டு, அதற்குள் சட்டியை எப்படிப் பிடிப்பதென்று காட்டினார். பிறந்தது முதல் பழகியவர்களுக்கு அது சாதாரணம். புதியவர் கண்ணயர்ந்து சாய்ந்தால் படுக்கையே பற்றிக்கொள்ளும். அதனால் பாட்டி படுக்கவேயில்லை. அம்மா தூங்கியதும் காங்ரியை மெல்ல உருவிக்கொள்வார். குளிரில் விழித்தால், சிறு கரண்டியால் சாம்பலைக் கிளறி, கனலை மேலே கொண்டுவந்து மறுபடி மடியில் வைப்பார். விடியும்வரை இதுதான் நடந்தது. அது சில்லை கலான், டிசம்பர் 21 முதல் 40 நாள் நீளும் கடுங்குளிர். இலையுதிர் காலத்திலேயே சேர்த்துவைக்கும் கரியை அந்த வீட்டில் எங்களுக்காகக் கணக்குப் பார்க்கவில்லை.

காலையில் கத்தரிக்காய்க் குழம்பு. கோடையில் வெயிலில் உலர்த்திவைத்த காய். அம்மா ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, "நம்ம வற்றலேதான்" என்றார். காஷ்மீரி மட்டுமே தெரிந்த பாட்டியும் தமிழ் மட்டுமே தெரிந்த அம்மாவும் அதன்பிறகு வற்றல் போடும் பக்குவத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டி எங்களை இறக்கிக் கொண்டுவந்த ஓட்டுநர் அண்ணன், பனியை வாரி வழிசெய்த தொழிலாளர்கள், தமிழில் பேசித் தைரியம் சொன்ன ராணுவத் தம்பி, ஊரிலிருந்து விடாமல் அழைத்த உறவினர்கள், எல்லோருக்கும் நன்றி. அறை இல்லை என்று வாசலிலேயே கைவிரித்த விடுதிக்காரருக்கும் ஒரு நன்றி. அவர் இடம் கொடுத்திருந்தால் பாட்டியைப் பார்த்திருக்கமாட்டோம்.

குல்மார்க் போகிறவர்கள் கோண்டோலா என்னும் கம்பிவட வண்டியில் ஏறி, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயர அபர்வத் மலைச்சரிவில் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கீழே உள்ள ஊர்கள் காரின் கண்ணாடி வழியே கடந்துபோகின்றன. பனி உருகியதும் அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு மட்டும் போய்வருவேன். பாட்டி எங்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். சுண்டைக்காய் வற்றலையும் மோர்மிளகாயையும் மறுக்க முடியாது என்பது அம்மாவின் கணக்கு. மிளகாயில் காரம் குறைந்ததாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். கேட்பதாகத் தெரியவில்லை.