சொல்லாமல் வாருங்கள்: நாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளை மதிப்பிட்டு அங்கீகாரம் தரும், பெங்களூரில் இருக்கும் தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவின் (நாக்) பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்துகிறேன். போன வாரம் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி துறைக்கு வந்து, “ஐயா, நாக் முடிஞ்சாத்தான் கிளாஸா?” என்று கேட்டாள். கேலி இல்லை, ஊருக்குப் போகலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

உங்கள் ஏழு அளவுகோல்களில் மூன்றாவது, ஆராய்ச்சியும் விரிவாக்கப் பணியும், எங்கள் தலையில் விழுந்திருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் நடந்த ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சுற்றறிக்கை, வருகைப் பதிவு, அறிக்கை, ஜியோ டேக் (எடுத்த இடத்தின் குறிப்பு) போட்ட படம் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நட்ட வேப்பமரம் முதல் மாடியை எட்டி நிற்கிறது. ஆனால் நட்ட அன்று எடுத்த படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை இல்லை. ஆகவே மரம் கணக்கில் வராதாம்! யாரிடமாவது வேறு படம் இருக்குமா என்று பழைய மாணவர்களுக்குப் போன் போட்டே எங்கள் துறையில் ஒரு முழு மதியம் போனது. அன்று எந்த வகுப்பும் நடக்கவில்லை. அதைக் கேட்கும் கட்டம் உங்கள் படிவத்தில் இல்லை.

மதிப்பெண்ணில் சுமார் 70 விழுக்காடு இந்தக் கோப்புகளுக்குத்தான். மீதிக்குக் குழு நேரில் வந்துகொண்டிருந்தது, அதுவும் தேதி சொல்லிவிட்டு. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட இவ்வளவு வெள்ளையடிப்பு நடக்காது.

2025 பிப்ரவரியில் ஆந்திராவுக்கு ஆய்வுக்குப் போன உங்கள் குழுவினரையே லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்தது. அதற்கு அப்புறம், அடிப்படை அங்கீகாரத்துக்கு நேரில் வருவதே இல்லை, எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். சரி, கவர் கைமாறாது. கோப்பு மட்டும் இன்னும் தடிக்கும். தேதி சொல்லி வந்ததுதான் கோளாறு. வந்ததே கோளாறு என்று முடிவு கட்டினால் எப்படி?

இஸ்ரோவின் முன்னாள் தலைவர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு பரிந்துரைத்த, கிரேடுக்குப் பதிலான ‘அங்கீகாரம் உண்டு, இல்லை’ முறை நான்கு மாதத்தில் வரும் என்று 2024 சனவரியில் அறிவித்தீர்கள். அந்த நான்கு மாதம் அந்த ஆண்டுக்குள் முடியவில்லை. இங்கே மாதம் 25,000 ரூபாய்க்கு வகுப்பெடுக்கும் கௌரவ விரிவுரையாளர்களும் எங்களோடு உட்கார்ந்து ஸ்கேன் செய்கிறார்கள். அவர்கள் சம்பளம் மாநில அரசின் பாடு, தெரியும். கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

கேட்பது ஒன்றுதான். சொல்லாமல் வாருங்கள். ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்து, எந்தத் துறையானாலும் சரி, ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். பாடம் நடக்கிறதா என்று பாருங்கள். புதிய முறையில் இதை ஒரு விதியாகச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உதவிப் பேராசிரியர்