பலகை அனுப்பும் முன் படித்துவிடுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையுள்ள பிள்ளைகள், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தை ஒட்டி, வீணாகக் கிடக்கும் பலகையில் வீட்டுக்கு உதவும் ஒரு பொருளைச் செய்யப்போகிறார்கள். இந்தச் செய்தி போன வாரம் வகுப்புப் புலனங்களில் (வாட்ஸ்அப் குழுக்களில்) போனது. மறுநாளே பாதுகாவலர் சாவடிக்குப் பின்னால் பலகை குவிய ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை, சந்தோஷம்தான். ஆனால் குவியலைக் கிளறிப் பார்த்தால், ஓரம் உப்பிப்போன அலமாரிப் பலகை, பச்சைச் சாயம் செதில் செதிலாக உரியும் பழைய சன்னல் கதவு, எண்ணெய்க் கறை ஊறிய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) என்று, பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாதவையே அதிகம். அதனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். பலகை அனுப்ப நினைப்பவர்களாவது முழுதாகப் படியுங்கள்.

முதலில் பேலட். நம் பெற்றோர்களில் பலர் பிறையிலும் பாயான் லெப்பாசிலும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறீர்கள். பேலட் உங்களுக்குத் தினமும் காலில் இடறும் பொருள். சரக்கோடு நாடு விட்டு நாடு போகும் மரப் பேலட்டுகளுக்கு அனைத்துலக விதி ஒன்று உண்டு. மரத்துக்குள் ஒளிந்திருக்கும் பூச்சியும் புழுவும் கூடவே பயணம் போய்விடக் கூடாது என்பதற்காக, மரத்தைப் பக்குவப்படுத்திப் பக்கவாட்டில் முத்திரை குத்த வேண்டும். முத்திரையில் ஒரு கதிர்ச் சின்னம் இருக்கும். பக்கத்தில் நாட்டின் இரண்டெழுத்துக் குறி (மலேசியா என்றால் எம், ஒய்), ஓர் எண், அதன்பின் பக்குவப்படுத்திய முறையைக் காட்டும் எழுத்துகள். நாம் பார்க்க வேண்டியது இந்தக் கடைசி எழுத்துகளைத்தான்.

எச், டி என்று இருந்தால், மரத்தின் நடுப்பகுதியும் 56 பாகை செல்சியஸ் சூடேறி, குறைந்தது 30 நிமிடம் அப்படியே இருக்கும்படி சூடாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மருந்து எதுவும் அடிக்கவில்லை. தாராளமாக அனுப்பலாம். எம், பி என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவைச் செலுத்தியிருக்கிறார்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு அது. பல நாடுகள் அதைக் கைவிட்டுவிட்டன. இருந்தாலும் அந்த முத்திரையுள்ள பேலட் கண்ணில் படலாம். அது நமக்கு வேண்டாம்.

முத்திரையே இல்லாவிட்டால்? உள்நாட்டுக்குள்ளேயே சுற்றும் பேலட்டுக்கு முத்திரை கட்டாயமில்லை. எனவே முத்திரை இல்லை என்பதாலேயே அது கெட்ட மரம் ஆகிவிடாது. அது என்ன சுமந்தது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் அனுப்புங்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். நல்ல முத்திரை உள்ள பேலட்டின்மேலும் ஏதாவது சிந்தியிருக்கலாம். கறை இருந்தாலோ, முகர்ந்து பார்க்கும்போது மூக்கைச் சுளிக்க வைத்தாலோ முத்திரையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இன்னொன்று. நீலம் போன்ற நிறம் பூசிய பேலட்டுகள் பெரும்பாலும் வாடகை நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. தொழிற்சாலை வாசலுக்கு வெளியே கிடப்பதெல்லாம் குப்பையும் இல்லை. உடைந்த பேலட்டை வாங்கிப் பழுதுபார்த்து மறுபடி விற்பவர்கள் இருக்கிறார்கள். பொறுப்பில் உள்ளவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். அப்புறம், தயவுசெய்து மோட்டார் சைக்கிளின் பின்னால் பலகையைக் கட்டிக்கொண்டு பினாங்குப் பாலத்தைக் கடக்காதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் லோரிக்கு ஏற்பாடு செய்திருக்கிறது.

சாயம் பூசிய பழைய மரம் எதுவும் வேண்டாம். பழைய சாயங்களில் ஈயம் கலந்திருக்கலாம்; உப்புத்தாளால் தேய்த்தால் அது தூசாகி நேராகப் பிள்ளைகளின் மூச்சில் போகும். லேசாகப் பச்சை ஓடிய கூரைச் சட்டங்களும் வேண்டாம். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்து ஏற்றிய மரம் அது. கூரையில் இருக்கும்வரை அதற்கு அங்கே வேலை உண்டு, வகுப்பறையில் இல்லை. மரத்துகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த சிப்போர்டு, எம்.டி.எஃப். வகைகள் தண்ணீர் பட்டால் ஊதிவிடும், அறுத்தால் பசையோடு சேர்ந்த பொடி பறக்கும். அதுவும் வேண்டாம். பழைய வீட்டை இடித்த இடத்தில் செங்கால் கட்டை கிடைத்தால் அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் ரம்பம் அதில் ஏறாது. தவிர, அதன் விலை தெரிந்தவர் யாரும் இலவசமாகக் கொடுக்க மாட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது பால்மரம், அதாவது ரப்பர் மரம். வீட்டில் கால் ஆடிப்போன சாப்பாட்டு மேசை நாற்காலி இருந்தால், மெருகின் அடியில் வெளிர்மஞ்சளாகத் தெரியும் மரம் பெரும்பாலும் அதுதான். நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் போய்ப் பால் வெட்டிய அதே மரம். ஏறக்குறைய 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த பிறகு அதை வெட்டிச் சாய்த்து, புதுக் கன்று நடுவார்கள். அந்தக் காலத்தில் வெட்டிய மரம் தோட்டத்து லய வீடுகளின் அடுப்புக்கும், ரப்பர் சீட்டு உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் விறகாகப் போனது. வெட்டிப்போட்டால் சீக்கிரமே நீலப் பூஞ்சணம் பூத்துவிடும், வண்டு துளைத்துவிடும்; தச்சர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போரான் உப்புக் கரைசலை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றி, சூளையில் முறையாக உலர்த்தும் வழி பரவிய பிறகுதான் நிலைமை மாறியது. 1980களில் இருந்து அந்த விறகு மேசையாகவும் நாற்காலியாகவும் கப்பலேறுகிறது; ஜொகூரில் மூவார் வட்டாரமே இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. தோட்டத்தில் வளர்ந்த தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், நாற்காலிக் காலைக் காட்டி இது என்ன மரம் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். உடைந்த நாற்காலியின் காலும் சட்டமும் ஏற்கெனவே இழைத்த மரம், அளவும் சீராக இருக்கும். மெருகு பூசியது என்பதால் அவற்றை ஆசிரியர்களே வெளியில் வைத்துச் சுரண்டிச் சுத்தம் செய்துவிடுவார்கள். பேலட்டைவிட எனக்கு இவைதான் வேண்டும்.

பேலட்டாக இருந்தாலும் நாற்காலியாக இருந்தாலும் அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. கறுப்புத் துணியோ தாளோ விரித்து, அதன்மேல் பலகையை நாலைந்து இரவு கிடத்தி வையுங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளில் இருந்து மாவுபோல வெள்ளைப் பொடி கொட்டியிருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. சூடாக்கிய மரம்தானே என்று நினைக்க வேண்டாம். அந்தச் சூடு அன்றைக்கு உள்ளே இருந்ததைக் கொல்லும். பிற்பாடு வந்து குடியேறுவதைத் தடுக்காது. அப்படிப்பட்ட பலகை ஒன்று வந்தாலும் குவியல் முழுவதற்கும் பரவிவிடும்.

சரி, என்ன செய்வது என்ற விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் பேலட் சோஃபா, பேலட் கட்டில் என்று எத்தனையோ காணொளிகள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் 650 சதுர அடி அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். அந்தச் சோஃபாவை உள்ளே வைத்தால் நாம் வெளியே நிற்க வேண்டியதுதான். கண்காட்சி நாளில் பளபளவென்று நிறுத்திவைத்து, அப்புறம் அலமாரியின் தலையில் ஏற்றிவிடும் அலங்காரப் பொருளிலும் எனக்கு ஆர்வம் இல்லை. வீட்டில் எது குறைகிறது என்று பிள்ளை முதலில் பார்க்கட்டும். அதற்காக ஒரு தாள் கொடுத்திருக்கிறோம். வீட்டில் எந்தப் பொருள் இடமில்லாமல் தரையில் கிடக்கிறது, யாருக்கு எது எட்டவில்லை, எங்கே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று அளவுநாடாவோடு சுற்றி வந்து எழுத வேண்டும்.

வந்த தாள்களில் ஒன்று. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பாட்டி குளித்துவிட்டு வந்து கால் துடைக்க உட்கார இடமில்லை, அதனால் மணை செய்யப்போகிறேன், உயரம் 15 செ.மீ. என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அவளிடம், பாட்டி நிற்கும்போது முழங்காலின் பின்மடிப்பு தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வா என்றார். 41 செ.மீ. மூட்டுவலிக்காரரைத் தாழ்ந்த மணையில் உட்காரவைத்தால் எழுப்பிவிட இன்னொருவர் வேண்டுமே என்று அவளே சொன்னாள். மணை இப்போது நாலுகால் இருக்கை ஆகிவிட்டது, வேலையும் கூடிவிட்டது. பலகையின் மேல்புறத்தில் இருந்து காலின் நுனிக்குள் நேராகத் திருகாணி இறக்கினால் பிடிக்காது. மரத்தின் நார் ஓடும் திசையிலேயே ஆணியோ திருகாணியோ இறங்கினால் நாளடைவில் கழன்று வந்துவிடும். கால்களைச் சுற்றி நாலு பக்கமும் சட்டம் அடித்து, சட்டத்தின் வழியாகக் காலின் பக்கவாட்டில் திருகாணி போட வேண்டும். முதலில் மெல்லிய துளை போட்டுக்கொண்டால்தான் காய்ந்த பேலட் மரம் ஓரத்தில் பிளக்காது. இதையெல்லாம் அவள் இப்போது வரைபடத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மற்றவர்கள் எழுதியவை: சாவி மாட்டி, காலணி அடுக்கு, மசாலா போத்தல் அடுக்கு, துளசித் தொட்டிக்குப் பெட்டி. எல்லாம் செய்யக்கூடியவை. காலணி அடுக்கு மட்டும் வீட்டுக்குள் வைக்கிற அளவில் இருக்கட்டும். அடுக்குமாடியின் பொது நடைபாதையை அடைத்தால், தீ பிடித்தால் எல்லாருக்கும் ஆபத்து. பல்லாங்குழிப் பலகை கேட்ட இருவருக்கும் இந்த முறை இல்லை என்று சொல்லிவிட்டேன். 14 குழி குடைவதற்குள் தவணை முடிந்துவிடும்.

உணவு நேரடியாகப் படும் எதையும் செய்ய விடமாட்டோம். காய் நறுக்கும் பலகை, அஞ்சறைப்பெட்டி, தோசைக் கரண்டி எதுவும் இல்லை. அந்தக் காலத்து அஞ்சறைப்பெட்டி மரத்தில்தான் இருந்தது, உண்மை. ஆனால் அந்த மரம் எங்கிருந்து வந்தது என்று செய்தவருக்குத் தெரியும். நம் பலகையின் பூர்வீகம் நமக்குத் தெரியாது. சாமி படத்துக்கு மாடம் செய்யலாம், விளக்கு மட்டும் அதற்குள் வேண்டாம்.

இனி ஒரு முக்கியமான வேண்டுகோள், குறிப்பாக அப்பாக்களுக்கு. உங்களில் பலர் கைவேலை தெரிந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளை திணறும்போது ரம்பத்தை வாங்கி நாமே அறுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். விடுங்கள். அப்பா செய்த அடுக்கு எது, பிள்ளை செய்த அடுக்கு எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அப்பா செய்ததற்கு ஆசிரியர்கள் மதிப்பெண் கொடுப்பதில்லை. பெரியவர்களின் வேலை மூன்றுதான்: ஆணி பிடுங்குவது, மின்ரம்பம், மின்துளைக்கருவி. பேலட் ஆணி முறுக்கிய தண்டு உள்ளது, சுத்தியலால் நெம்பினால் ஆணி வருவதற்குள் பலகை பிளந்துவிடும். இரண்டு கட்டைக்கும் நடுவில் இரும்பறுக்கும் ரம்பத்தை விட்டு ஆணியை அறுத்துவிடுவது சுலபம். அளப்பது, மூலைமட்டம் வைத்துக் கோடு போடுவது, கைரம்பத்தால் அறுப்பது, உப்புத்தாளில் முதலில் 80, பிறகு 120, கடைசியில் 240 என்று நார் ஓடும் போக்கிலேயே தேய்ப்பது, திருகாணி முடுக்குவது எல்லாம் பிள்ளைகள் பொறுப்பு. கோணலாக வந்தால் வரட்டும். ஆடினால் மட்டும் சரிசெய்ய வைப்போம்.

தேய்ப்பு வேலை திறந்த வெளியில்தான் நடக்கும், முகக்கவசம் கட்டாயம். மரத்தூள் சாதாரணத் தூசு இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பல ஆண்டு பட்டறையில் இருப்பவர்களுக்கான எச்சரிக்கை என்றாலும், பிள்ளைகள் விஷயத்தில் நான் சலுகை காட்டப்போவதில்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு வேறு வேலை உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்றாம் ஆண்டில் பள்ளியில் போடும் இசிவுநோய் (டெட்டனஸ்) தடுப்பூசி ஏதோ காரணத்தால் உங்கள் பிள்ளைக்கு விடுபட்டிருந்தால் அதையும் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

பூச்சுக்குப் பள்ளியில் தண்ணீரில் கரையும் வார்னிஷ் வாங்கியிருக்கிறோம். வீட்டில் ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே வீச வேண்டும்.

மிஞ்சும் துண்டுகளைப் பள்ளிப் பொங்கலுக்கு விறகாக வைத்துக்கொள்ளலாமே என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் வேண்டாம். வார்னிஷ் பட்ட துண்டும் பேலட் துண்டும் பொங்கல் பானைக்குக் கீழே எரியக் கூடாது. வீட்டு வாசலிலும் எரிக்காதீர்கள், 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். 2022 ஜனவரியில் ஜெலுத்தோங் குப்பைமேடு பற்றி எரிந்தபோது தீவில் புகை எப்படி இருந்தது என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சின்னத் துண்டுகளைப் பள்ளியே சேர்த்து வைத்துக்கொள்ளும். கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்ணட்டையாக மாற்ற இரண்டாம் ஆண்டு ஆசிரியை ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

செலவு என்று எதுவும் வசூலிக்கவில்லை. திருகாணி, உப்புத்தாள், பசை எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. வீட்டில் சும்மா இருக்கும் கைரம்பம், மூலைமட்டம், கிளாம்ப் இருந்தால் பெயர் எழுதி இரவலாகக் கொடுங்கள்.

பலகை வாங்கும் நாள் வருகிற சனிக்கிழமை, காலை 8 மணி முதல் 11 மணி வரை, பள்ளித் திடலின் பின்வாசலில். அங்கேயே பார்த்து, வேண்டாததைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்; கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே சாவடிக்குப் பின்னால் போட்டவர்களும் அன்று வந்து, தங்களுடையதில் கழித்ததை எடுத்துப்போக வேண்டுகிறேன். சந்தேகம் இருந்தால் வருவதற்கு முன்பே பலகையைப் படம் எடுத்து வகுப்புப் புலனத்தில் போடுங்கள், முத்திரை தெளிவாகத் தெரியும்படி.

நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்