அந்த ஜீப்பின் ஆர்.சி. யாருடையது?

அன்புள்ள ராஜு,

வீட்டில் எல்லோரும் நலம். கண்புரை அறுவை முடிந்த பிறகு என் நரைமுடி எல்லாம் என் மனைவிக்குத் தெளிவாகத் தெரிகிறதாம். பொங்கலுக்கு நீ எழுதியதற்கு நான் பதில் போடவில்லை என்ற கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வை. நீ வாங்க நினைக்கும் ஜீப்பின் படத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஜீப் அழகுதான், மறுக்கவில்லை. ராணுவப் பச்சை, மடக்கும் முன்கண்ணாடி, பின்னால் ஸ்டெப்னி, பக்கவாட்டில் ஒரு மண்வெட்டி வேறு. அதை வைத்து நீ எதை வெட்டப்போகிறாய் என்று நம் நண்பன் 'தாடி' கேட்கச் சொன்னான். ஆனால் உன் கடிதத்தின் கடைசி வரி என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது: 'ஆர்.சி.யை அவர்களே ஏற்பாடு செய்து தருவார்களாம்.' ஏற்பாடா? வண்டியின் பதிவுச் சான்றிதழாகிய ஆர்.சி. என்ன கல்யாணப் பந்தலா?

ஹரியானாவின் டப்வாலியில் செய்த வண்டி என்கிறாய். அந்த ஊர்க்காரர்களின் கைவேலையை நான் குறை சொல்லவே மாட்டேன். தகட்டை அடித்து வளைத்துப் பழைய வில்லிஸ் ஜீப்பைப் போலவே கண்முன் நிறுத்திவிடுவார்கள். உன் வண்டியில் பாடி புதிது, என்ஜின் ஒரு வண்டியிலிருந்து, ஆக்சில் இன்னொன்றிலிருந்து என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்த ஆர்.சி. எந்த வண்டியுடையது? எங்கோ உடைத்துப் போட்ட ஒரு ஜீப்பின் காகிதம் அது. அந்த ஜீப்பின் எண்ணை உன் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் அடித்துத் தருவதைத்தான் 'ஏற்பாடு' என்கிறார்கள். வண்டி அழிந்துபோனால் 14 நாளைக்குள் தகவல் சொல்லி, ஆர்.சி.யை ரத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. ஒப்படைக்காமல் வைத்திருந்த காகிதம்தான் கைமாறிக் கைமாறி உன்னிடம் வருகிறது.

'புது வண்டியாகவே பதிவு செய்துகொள்கிறேன்' என்று வாதாடுவாய், உன்னைத் தெரியாதா. அதற்கு விற்பவர் தரும் படிவம் 21 வேண்டும், வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரித்தவர் கையெழுத்திடும் படிவம் 22 வேண்டும். அந்த மாடலைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற ஒரு சோதனை நிறுவனம் முன்பே பரிசோதித்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். பட்டறைக்காரர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் இதில் ஒன்றையும் அவரால் தர முடியாது.

இங்கிலாந்தில் 2025 வரை இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பெரிய அளவில் மாற்றிக் கட்டிய வண்டிக்கு மதிப்பெண் போட்டார்கள். பழைய சேசிஸ் மாறாமல் இருந்தால் 5, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, என்ஜினுக்கு வெறும் 1. சேசிஸின் அந்த 5-ஐயும் சேர்த்து மொத்தம் எட்டு வந்தால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. வராவிட்டால் தனிச் சோதனை, 'க்யூ' என்று தொடங்கும் நம்பர். இதைப் படித்தபோது உன் நினைவுதான் வந்தது. கணக்குப் பரீட்சையில் எட்டு எடுத்தவன் அல்லவா நீ. நம் சட்டத்தில் இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் கிடையாது. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 52ஆவது பிரிவு நேராகவே சொல்லிவிடுகிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்துவிட்டார்கள். உன் ஜீப்பில் எத்தனை மாற்றம் என்று எண்ண உட்கார்ந்தால் ஆய்வாளருக்குக் கை வலிக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? மாமனாரின் பழைய ஜீப், அந்த சிஜே 3பி நினைவிருக்கிறதா? பானெட் உயரமாக இருக்கும், நீ ஏறி உட்கார்ந்து திட்டு வாங்கினாயே, அதுதான். மைத்துனர் அதை மறுபடி ஓட வைத்துவிட்டார். பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் போடலாம் என்று மெக்கானிக் ஆசை காட்டினார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 'விண்டேஜ்' என்று 2021இல் தனி விதி வந்தது. சேசிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ கைவைத்த வண்டி அதில் சேராது. அதனால் அதே பழைய என்ஜினையே பிரித்து, போரிங் போட்டு, மறுபடி கோத்தார்கள். வாரிசு என்ற முறையில் ஆர்.சி.யை முதலில் மைத்துனர் பெயருக்கு மாற்றி, அதன் பிறகு விண்டேஜ் பதிவு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். புதிதாகப் பதிவாகிற வண்டிக்கு மாநில எழுத்துக்குப் பின்னால் 'வி.ஏ.' வரும். ஏற்கனவே பதிவானது என்பதால் 'எம்' என்று தொடங்கும் அந்தப் பழைய மூன்றெழுத்து நம்பர் எங்களுக்கே தங்கிவிட்டது. நம்பர் பலகையை மைத்துனரே உட்கார்ந்து கறுப்பும் வெள்ளையுமாக எழுதினார். யாரையும் தூரிகையைத் தொடவிடவில்லை.

அவருக்கு ஒரே துக்கம்: இனி அதில் தேங்காய் ஏற்ற முடியாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவ்வளவுக்குத்தான் வண்டி சாலைக்கு வரலாம். ஆகவே அந்த வழியும் உனக்கு ஆகாது. நீ தினமும் தோட்டத்துக்குப் போய்வரத்தானே ஜீப் கேட்கிறாய்? அதற்கு, ஒழுங்கான காகிதத்தோடு ஒரு பழைய மஹிந்திரா மேஜர் ஜீப்பைத் தேடு. அழகு குறைவுதான், உனக்குப் பொருத்தமாக இருக்கும்.

கிண்டல் போதும், ராஜு. போலீஸ் பிடிப்பார்களே என்பதில்லை என் பயம். நீ போகும் பாதையில் பள்ளிக்கூடம் இருக்கிறது. யார் மீதாவது அந்த ஜீப் மோதிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆள் வந்து முதலில் பார்ப்பது சேசிஸ் எண்ணைத்தான். பாலிசியில் இருக்கும் வண்டி வேறு, நீ ஓட்டிய வண்டி வேறு என்று எழுதிவிட்டுப் போவான். அடிபட்டவர் குடும்பம் நஷ்டஈட்டுக்காக வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடக்கும். உன் தோட்டமும் போகும், அதோடு அந்தப் பாவமும் உன்னோடு இருக்கும். அந்த எண் ஒரு திருட்டு வண்டியுடையதாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதவே விரும்பவில்லை.

முன்பணம் கொடுத்துவிட்டாயா இல்லையா என்று நீ எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால், கொடுக்காதே. கொடுத்துவிட்டாயானால், மிச்சப் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு போய் வண்டியைப் பார். பெயின்ட்டைச் சுரண்டச் சொல்லி, சேசிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடு. எழுத்துகள் ஏறி இறங்கி இருக்கிறதா, பக்கத்தில் கிரைண்டர் ஓடிய தடமோ வெல்டிங் தழும்போ இருக்கிறதா என்று பார். அரசின் வண்டிப் பதிவுத் தளமான பரிவாகனில் ஆர்.சி.யில் உள்ள வண்டி நம்பரைப் போட்டால் பதிவான தேதியும் எரிபொருளும் வந்துவிடும். காகிதத்தில் பெட்ரோல், கண்முன்னால் டீசல் என்றால் பேச்சை அதோடு முடித்துக்கொள். சுரண்ட விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னாலும் அப்படியே.

தனியாகப் போகாதே. தாடியைக் கூட்டிப் போ. அவனுக்கு வண்டி தெரியாது, ஆனால் உன்னைப் போல் எதைப் பார்த்தாலும் மயங்குகிறவன் இல்லை. தேய்த்த தாளை எனக்குப் படம் பிடித்து அனுப்பு. மைத்துனரிடம் காட்டி அன்றைக்கே பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
சேது