‘அஜைல்’ என்றால் அவசரம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த மாணவர்களுக்காகத் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவரும் வேலை வழிகாட்டிப் பகுதியில், மென்பொருள் நிறுவனங்கள் பின்பற்றும் ‘அஜைல்’ முறையை ‘வேலையை வேகமாக முடிக்கும் முறை’ என்று ஒரே வரியில் விளக்கியிருந்தீர்கள். பினாங்கின் பாயான் லெப்பாசில் பத்தொன்பது ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பிரிவில் பணிபுரிந்து வரும் எனக்கு அந்த வரி மிகவும் உறுத்தியது. அதை நம்பி வேலைக்கு வரும் பிள்ளைகள், வேகம் காட்ட முடியவில்லையே என்று ஆறு மாதத்திற்குள் மனமுடைந்து போவதை நான் அருகிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்ட் என்னும் மலைத்தலத்தில் 17 பேர் கூடி எழுதிய சிறிய அறிக்கையிலிருந்துதான் இந்தப் பெயர் பரவியது. அதில் சொல்லப்பட்ட நான்கு விழுமியங்களில் எதுவும் வேகத்தைப் பற்றியதன்று. கருவிகளைவிட மனிதர்களும் அவர்களின் உரையாடலும், குவியும் ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளும், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரின் ஒத்துழைப்பும், போட்ட திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட மாற்றத்திற்கு ஏற்பத் திரும்பிக்கொள்வதும் மேலானவை என்பதே அதன் சாரம். அதனுடன் இணைந்த 12 கோட்பாடுகளில் ஒன்று, குழு எவ்வளவு காலத்திற்கும் தாக்குப்பிடிக்கக்கூடிய சீரான நடையில் வேலை செய்ய வேண்டும் என்கிறது. நள்ளிரவு வரை பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு அதற்கு அஜைல் என்று பெயர் சூட்டுகிறவர்கள் இந்த வரியைப் படித்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அதற்கு முன் பரவலாக இருந்த வழக்கத்தை ‘நீர்வீழ்ச்சி முறை’ என்பார்கள். தேவைகளை முழுவதும் எழுதிக் கையொப்பம் வாங்கி, பிறகு வடிவமைத்து, பிறகு நிரல் எழுதி, எல்லாம் முடிந்த பின் கடைசியாகச் சோதிப்பார்கள். அருவி பாயும் தண்ணீர்மலை அடிவாரத்தில் வாழும் பினாங்குக்காரர்களான நமக்கு அந்தப் பெயரின் பொருள் எளிதில் விளங்கும்: விழுந்த நீர் மேலே ஏறாது. கடைசிப் படியில் நிற்கும் சோதனையாளருக்கு அதன் வலி நன்றாகவே தெரியும். ஓராண்டுக்கு முன் நேர்ந்த பிழை என் மேசைக்கு வந்து சேரும்போது, அதைச் செய்தவர் வேறு நிறுவனத்திற்கே போயிருப்பார். இப்போது நாங்கள் வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ‘ஸ்பிரிண்ட்’ எனப்படும் இரண்டு வாரச் சுற்றில் எழுதிச் சோதித்து, பயன்படுத்துகிறவரிடமே காட்டிவிடுகிறோம். தவறான திசையில் போயிருந்தாலும் இரண்டு வாரத்திற்கு மேல் போயிருக்க மாட்டோம். இந்த முறையின் உண்மையான ஆதாயம் அதுதான்.

ஆனால் இந்த ஆதாயம் முழுவதும் ஒரே ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது: எனக்கு இது புரியவில்லை, நான் இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று வேலை செய்பவர் அச்சமின்றி வாய் திறக்க வேண்டும். அஜைல் குழுக்கள் பலவும் பின்பற்றும் ‘ஸ்கிரம்’ நெறிமுறையில் தினமும் 15 நிமிடம் நடக்கும் கூட்டம் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கானது. மேலாளரிடம் கணக்கு ஒப்பிப்பது அதன் நோக்கமன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஒரு குழுவில் பிரிவு மேலாளர் தினமும் வந்து, எங்கள் பின்னால் நின்று குறிப்பெடுப்பார். கெடாவிலிருந்து வந்து சேர்ந்து இரண்டே மாதமான ஒரு பெண், தொடர்ந்து நான்கு நாள் காலையில் “நேற்றைய வேலைதான், போய்க்கொண்டிருக்கிறது” என்றார். யார் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் பலகையில் அவருடைய மஞ்சள் அட்டை நான்கு நாளும் அதே கட்டத்தில் இருந்தது. மதியம் நாசி கண்டார் கடையில் வரிசையில் நிற்கும்போது மெல்லக் கேட்டேன். சோதனைத் தரவுத்தளத்தைத் திறக்கும் அனுமதி அவருடைய பெயருக்கு வழங்கப்படவே இல்லை என்று தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் தீர்க்கக்கூடிய சிக்கல் அது. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, “அவர் பின்னால் நின்று எழுதுகிறாரே அக்கா, எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?” என்றார். மேலாளரிடம் பேசி, இரண்டு ஸ்பிரிண்ட் மட்டும் காலைக் கூட்டத்திற்கு வராமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டேன், தயங்கினாலும் ஒப்புக்கொண்டார். அவர் வராத முதல் நாளிலேயே மூன்று பேர் தாங்கள் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னார்கள்.

வேலையின் பளுவை மதிப்பிடப் பயன்படும் ‘ஸ்டோரி பாயிண்ட்’ கதையும் இதுவே. ஒரு குழு தன் கொள்ளளவை அறிந்துகொள்ள வைத்திருக்கும் அந்த எண்ணை, இரண்டு குழுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக மேலிடம் கையில் எடுத்தால் என்ன நடக்கும்? நேற்று 5 என்று மதிப்பிட்ட அதே வேலை இன்று 8 ஆகிவிடும். எண் ஏறும், வேலை ஏறாது. 2001 அறிக்கையில் கையொப்பமிட்டவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், இந்தப் புள்ளி முறையை உருவாக்கியது தாமாக இருக்கலாம் என்று சொல்லி, அதற்காகப் பின்னாளில் வருத்தமும் தெரிவித்திருக்கிறார்.

நம் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்க்கிறோம்; வீட்டில் அது நல்ல பழக்கம்தான், நானும் என் பிள்ளைகளை அப்படியே வளர்த்தேன். அந்த அடக்கத்தோடு குழுவுக்குள் வரும் பிள்ளை தனக்குத் தெரிந்ததையும் சொல்வதில்லை, தெரியாததையும் சொல்வதில்லை. இதற்கு அந்த முறைக்குள்ளேயே ஓர் அழகான வழி இருக்கிறது. மதிப்பிடும்போது ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றும் எண்ணுள்ள அட்டையைக் கவிழ்த்து வைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். மூத்தவர் 3 என்று காட்டும் அதே நொடியில் புதியவர் 13 காட்டினால், மூத்தவருக்கு எதிராகப் பேசியதாக ஆகாது. ஏன் 13 என்று மற்றவர்கள் கேட்டே ஆக வேண்டும். பழைய நிரலில் நாங்கள் மறந்தே போயிருந்த ஒரு சிக்கலை, அப்படித்தான் ஒரு பயிற்சி மாணவர் எங்களுக்கு எடுத்துக் காட்டினார்.

ஆகவே, அந்தப் பகுதியில் இதைப் பற்றி மறுபடி எழுதும்போது, ‘வேகம்’ என்ற சொல்லை விடுத்து, தெரியாததைத் தெரியவில்லை என்று முதல் நாளே சொல்லப் பழகுவது இந்தத் துறையில் ஒரு திறமை என்று மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். குழுக்களை நடத்தும் நம்மவர்களும் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள். நாளைக் காலைக் கூட்டத்தில் குறிப்பேட்டை மேசையிலேயே விட்டுவிட்டு வருமாறு அவர்களையும் வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனையாளர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு