புறவாசல் மாமரத்தில் முளைத்தது

சீவலப்பேரி
தை மாதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். போனில் பாதி சொல்வதற்குள் உனக்கு ஆபீஸ் வேலை வந்துவிட்டது. மீதியையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், தாயி.

புறவாசல் மாமரத்தின் தூரில், மண்ணுக்கு ஒரு சாண் மேலே, உள்ளங்கை அகலத்தில் மூன்று காளான் தட்டுத் தட்டாக முளைத்திருக்கிறது. மழைக்கு வந்து மறுநாளே அழுகிப்போகும் நாய்க்குடை என்றுதான் முதலில் விட்டுவிட்டேன். பத்து நாளாகியும் வாடவில்லை, கட்டை போல இறுகிவிட்டது. அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். மேலே செம்பழுப்பு, வார்னிஷ் அடித்த மாதிரிப் பளபளப்பு, ஓரம் மட்டும் வெள்ளை. நாய்க்குடைக்கு அடியில் இருக்கிற மடிப்பு இதற்கு இல்லை, ஊசியால் குத்தியது போலப் பொடித் துளைகள். நகத்தால் கீறினால் வெள்ளை பழுப்பாக மாறுகிறது. ஒன்றை அறுத்து வெள்ளைத்தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடினேன். காலையில் தாளெல்லாம் கோகோ நிறத்தில் தூள். அதுதான் இதன் வித்து.

இத்தனையும் பொருந்துவது கானோடெர்மா என்கிற காளான் இனத்துக்கு. பட்டுப்போன கொப்பில் வரும் சின்ன வெள்ளை விசிறிக் காளானாக இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். இது உயிர் மரத்தின் வேரையும் தூரையும் உள்ளுக்குள்ளேயே மக்க வைப்பது. 1952-இல் தஞ்சாவூர்ப் பக்கம் தென்னையில் கண்ட தஞ்சாவூர் வாடல் நோயும் இந்த இனத்தால்தான். பிடுங்கி எறிந்தாலும் தீராது. நம் கண்ணில் படுவது காய் மாதிரி, செடி மரத்துக்குள் இருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புறவாசலில் நாள்கணக்கில் நின்றதே, வேர் அப்போதே நொந்திருக்கும். சேற்றை வழிக்கும்போது என் மண்வெட்டி வேரில் இரண்டு இடத்தில் பட்டது. அந்தப் பக்கம்தான் காளான். அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

சுத்தியலால் தட்டினால் தெற்கே கெட்டியாகக் கேட்கிறது, வடக்கே வெறுங்குடம் போல. இனி இதைக் குணமாக்க மருந்து இல்லை. பக்கத்துத் தென்னை இரண்டையும் காப்பாற்ற நடுவில் இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டியிருக்கிறேன். தனித்தனி வட்டப்பாத்தி, மரத்துக்கு ஐந்து கிலோ வேப்பம்புண்ணாக்கு. நோய் தொற்றியிருந்தால் தென்னையின் தூரில் சிவப்பாகச் சாறு வடியும், அதைத் தினம் பார்க்கிறேன். எதிர்வீட்டு அத்தை இந்தக் காளானைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாம் என்றாள். பார்த்த மாத்திரத்தில் எந்தக் காளானையும் வாயில் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நீ ஊஞ்சல் ஆடிய கொப்பு வடக்கே நீள்கிறது. பாரம் குறைய அடுத்த வாரம் அதை இறக்கச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் பார்த்து நீ பதறக்கூடாது. சித்திரை லீவில் பிள்ளைகளை மரத்தடியில் விளையாட விடாதே, காற்றடித்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம். முழு மரத்தையும் வெட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆச்சி வைத்த மரம், இந்த வருசமும் பூத்திருக்கிறது. காய் இறங்கிய பிறகு ஆள் வைத்துப் பார்த்து முடிவு செய்வோம், நீயும் கூட இரு.

மேல்கொப்பில் குச்சி எடுத்து ஆடியிலேயே ஒட்டுக் கட்டினேன். மூன்று பிடித்திருக்கிறது. பழைய இடத்தில் வைக்கக்கூடாது, ஒன்றைக் கிணற்றடிக்கு மேற்கே வைக்கலாம் என்று அம்மா சொல்கிறாள். இன்னொன்று உனக்கு. உன் வீட்டு வாசலில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து சொல்.

அப்பா