இன்றைக்கு என்ன நிறம்?

கேவலார் அருகே, ஜெர்மனி
3 பிப்ரவரி 2025, இரவு

அன்புள்ள அம்மா, அப்பா,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நான் நலம். குளிர்தான் விட்டபாடில்லை. காலை எட்டு மணியாகியும் சரியாக விடிவதில்லை.

போன வாரம் போனில், "அங்கே கோவிலில் திருநாளெல்லாம் உண்டா, இல்லை வெறும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைதானா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. நம் போன் பேச்சில் பாதி "கேட்குதா, கேட்குதா" என்பதிலேயே போகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கட்டும்.

திருநாள் உண்டு அம்மா. தேரும் இல்லை, கொடியும் இல்லை, அவ்வளவுதான். ஒரு புனிதரின் விழா புதன்கிழமை வந்தால் புதன்கிழமை காலை எட்டு மணிக்கே திருப்பலி. என்னையும் சேர்த்து ஒன்பது பேர் இருப்போம். பத்தாவது ஆள் வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே பல கோவில்களைச் சேர்த்து ஒரே பங்காக்கிவிட்டார்கள். பங்குத்தந்தை ஒவ்வொன்றாகச் சுற்றி வருகிறார். வார நாட்களில் எங்கள் கோவிலுக்குக் கிடைப்பது புதனும் வியாழனும்தான்.

வந்த புதிதில் மொழி ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும் என்று முழங்காலுக்குத் தெரிந்திருந்தது. முதல் வாசகம், பதிலுரைப் பாடல், அல்லேலூயா, நற்செய்தி என்று எண்ணிக்கொண்டே போனால் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அப்படி எதையும் எண்ணிப் பிழைக்க முடியவில்லை. அங்கே திட்டு வாங்கித்தான் மொழி வந்தது.

இப்போது உங்களிடம் சொல்லாத ஒரு சங்கதி. நான் பாதிக் கோவில்பிள்ளை ஆகிவிட்டேன்! இங்கே பூசைக்கு வேண்டியதை எடுத்து வைக்கும் கோவில்பிள்ளை வேலை பார்ப்பது எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. முழங்கால் வலி. கீழ் இழுப்பறையைத் திறக்கக் குனிய முடியாது. எனக்கு மதிய ஷிப்ட் இருக்கும் வாரங்களில் காலை சும்மாதானே என்று உதவப் போனேன். போன ஜூலையிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது.

சாமியார் பூசை உடுப்பு மாற்றும் அறையான சக்ரீஸ்தில் அகலமான இழுப்பறைகள் உண்டு. ஒன்றில் பச்சை, ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு, அடியில் ஊதா. பூசை உடுப்பை மடிப்புக் கலையாமல் எடுத்து மேசையில் விரிக்க வேண்டும். பூசைப் புத்தகத்தின் நாடாக்களை அன்றைய பக்கத்துக்கு மாற்ற வேண்டும். இதற்கு முன்னால் ஒரு சின்னப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். திருவழிபாட்டு நாட்காட்டி. ஒவ்வொரு தேதிக்கும் என்ன விழா, என்ன நிறம், என்ன வாசகம், வானவர் கீதம் உண்டா இல்லையா என்று எல்லாம் அதில் இருக்கும். பெருவிழா, விழா, நினைவு என்று தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. நினைவு நாளுக்கு மட்டும் இரண்டு விதமான 'ஜி'. பெரிய ஜி போட்டிருந்தால் கட்டாய நினைவு. சின்ன ஜி என்றால் விருப்பம்தான், சாமியார் கொண்டாடலாம், விடலாம். ஒரே நாளில் இரண்டு மூன்று சின்ன ஜி வருவதும் உண்டு. அப்போது அந்த அம்மா என்னைப் பார்த்து "உனக்கு யார் வேண்டும்?" என்பார், ஏதோ கடையில் கேட்பது போல. ஆனால் முடிவு சாமியாருடையது.

ஆகஸ்ட் 29 வியாழக்கிழமை. அந்த அம்மா மருத்துவரிடம் போயிருந்தார். நான் தனியாள். புத்தகத்தில் ஸ்நாபக அருளப்பர் என்ற பெயரைப் பார்த்தேன். ஜூனில் அவருடைய விழாவுக்கு வெள்ளை என்பது நினைவிருந்தது. நிறம் போட்டிருந்த எழுத்தைப் பார்க்கவே இல்லை. வெள்ளை உடுப்பை எடுத்து, சுருக்கம் தடவி, அழகாக விரித்து வைத்துவிட்டு மெழுகுதிரி ஏற்றப் போய்விட்டேன். எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பங்குத்தந்தை வந்தார். வெள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், ஒரு விரலால் கழுத்தைக் குறுக்கே அறுப்பது போலக் காட்டிவிட்டு, சிவப்பு இழுப்பறையைத் தானே திறந்தார். அப்போதுதான் உறைத்தது. ஜூன் 24 அவர் பிறந்த நாள், வெள்ளை. ஆகஸ்ட் 29 அவர் தலையை வெட்டிய நாள், இரத்தசாட்சி, சிவப்பு. ஒரே புனிதர், இரண்டு தேதி, இரண்டு நிறம்.

அன்று மதியம் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு போனேன். புனிதர்கள் முக்கால்வாசிப் பேருக்கு நாம் கொண்டாடுவது இறந்த நாளை. அதுதான் விண்ணகத்தில் பிறந்த நாள் என்று திருச்சபையின் கணக்கு. மண்ணில் பிறந்த நாளையும் கொண்டாடுவது ஆண்டவரை விட்டால் மாதாவுக்கும் (செப்டம்பர் 8) இந்த அருளப்பருக்கும் மட்டும்தான். சின்ன வயதில் மறைக்கல்வியில் சொல்லியிருப்பார்கள். காதில் ஏறவில்லை. தப்பாக உடுப்பை விரித்த பிறகுதான் ஏறியது.

அந்தத் தப்புக்குப் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. காலையில் கண் விழித்ததும் முதல் கேள்வி, இன்றைக்கு என்ன நிறம்? ஷிப்ட் வேலையில் செவ்வாய்க்கும் சனிக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடுகிறது அம்மா. இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கி எழுந்தால் என்ன கிழமை என்றே தெரியாது. நிறத்தை வைத்துத்தான் நாட்களைப் பிடித்து வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் வாரத்தைப் பாருங்கள். 25-ஆம் தேதி வெள்ளை. மறுநாளே முடியப்பர், முதல் இரத்தசாட்சி, சிவப்பு. குடிலின் வைக்கோல் வாசம்கூடப் போகவில்லை, அதற்குள் அவரைக் கொன்ற கல்லெறி. 27 அப்போஸ்தலர் அருளப்பர், மறுபடி வெள்ளை. அவர் இரத்தம் சிந்தாமல் முதுமையில் இறந்தார் என்பது மரபு. அன்று எங்களுக்குத் தனியாக ஒரு திருப்பலி இருந்தது. முடிவில் திராட்சை இரசத்தை மந்திரித்து ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தார்கள். 28 ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள், மறுபடி சிவப்பு. நல்லவேளை, அன்று எங்கள் கோவிலில் பூசை இல்லை.

நாட்காட்டி நகர்வதையும் இங்கே வந்துதான் கவனித்தேன். நான் வந்து இறங்கிய 2024 மார்ச்சில், வானதூதர் மாதாவுக்குச் செய்தி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாளைக் காணோம். 25-ஆம் தேதி ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்துத் திங்களில் விழுந்ததால், ஈஸ்டரிலிருந்து எட்டு நாள் கொண்டாடும் பாஸ்கா எண்கிழமை முடிந்து ஏப்ரல் 8-க்குத் தள்ளிவிட்டார்கள். புனித வாரத்துக்கு முன்னால் மாதாவின் திருநாளும் ஒதுங்கி நிற்கும்.

ஜூலை 3, தோமையார். அன்றும் புதன்கிழமை, ஒன்பது பேர். மறையுரையில் பங்குத்தந்தை "இந்தியா" என்று சொன்னதும் எட்டுத் தலைகள் என் பக்கம் திரும்பின. நானே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது போல!

பிள்ளைகளுக்குப் பிடித்தது நவம்பர் 11, புனித மார்ட்டின். அன்று மட்டும் கோவில் கொள்ளாத கூட்டம். ஞாயிறு பூசைக்குத் தலைகாட்டாதவர்கள்கூடப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். காகிதத்தில் விளக்குக்கூடு செய்து, குச்சியில் தொங்கவிட்டு, பாடிக்கொண்டு இருட்டில் ஊர்வலம். முன்னால் நிஜக் குதிரை மேல் உரோமை வீரன் வேடத்தில் ஒருவர். முடிவில் அவர் தன் சிவப்புப் போர்வையை வாளால் இரண்டாகக் கிழித்து, குளிரில் உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரருக்குப் பாதியைக் கொடுப்பார். இந்த மார்ட்டின் 397-இல் இறந்தது நவம்பர் 8. 11 அவரை அடக்கம் செய்த நாள். ஆக, இறந்த நாள் கணக்குக்கு இவர் விலக்கு. இரத்தசாட்சியாக இல்லாமலே புனிதராக வணங்கப்பட்ட முதல் சிலரில் ஒருவர் என்பதால் அவருக்கு வெள்ளைதான். இந்தத் தடவை நான் தப்பு செய்யவில்லை.

ஜனவரியில் பிள்ளைகள் மூன்று இராஜாக்கள் வேடம் போட்டு, நட்சத்திரம் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். 1959-இல் தொடங்கிய ஏற்பாடாம். சேரும் காசு உலகமெங்கும் ஏழைப் பிள்ளைகளுக்குப் போகிறது. எங்கள் இல்லத்துக்கும் வந்து, வாசல் நிலையில் மந்திரித்த சுண்ணக்கட்டியால் 20*சி+எம்+பி+25 என்று எழுதினார்கள். மூன்று இராஜாக்களின் பெயரின் முதல் எழுத்து என்றுதான் நான் நினைத்தேன். "கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக" என்ற இலத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துகளாம். அழிக்கக் கூடாது. அடுத்த வருடம் வரை அப்படியே இருக்கும்.

பணக்கதையையும் சொல்லிவிடுகிறேன், அப்பா கேட்பார். இங்கே ஊரில் பதிவு செய்யும்போதே என்ன மதம் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். கத்தோலிக்கர் என்றால் வருமான வரியில் 9 சதவீதம் கோவில் வரியாகச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். இந்த மாநிலத்தில் அப்படி. முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டேன்.

கேவலார் மாதா கோவிலுக்கு ஆகஸ்டில் போனேன். ஆயிரக்கணக்கில் தமிழர்கள், பெரும்பாலும் இலங்கையைச் சேர்ந்தவர்கள், இந்துக்களும் நிறைய. அது பெரிய கதை, தனியாக எழுதுகிறேன். அங்கே இருப்பது கையளவு காகிதத்தில் அச்சடித்த ஒரு மாதா படம். அதன் முன்னால் என் பக்கத்தில் நின்ற ஒரு அக்கா, "தங்கச்சி, எந்த இடம்?" என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது என்பதை மட்டும் இப்போது சொல்லி வைக்கிறேன்.

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன். நேற்று, பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. மெழுகுதிரி மந்திரித்தார்கள். இன்று புனித பிளாசியுஸ். அர்மீனியாவில் ஆயராக இருந்த இரத்தசாட்சி. தொண்டையில் மீன் முள் சிக்கிச் சாகக் கிடந்த ஒரு பையனை அவர் காப்பாற்றினார் என்று ஒரு கதை. அதனால் இரண்டு மெழுகுதிரிகளைப் பெருக்கல் குறி போலச் சேர்த்து, கழுத்தருகே பிடித்து, தொண்டை நோயிலிருந்து காக்கும்படி வேண்டி ஆசீர் கொடுப்பார்கள். பங்குத்தந்தை இன்று மதியம் எங்கள் இல்லத்துக்கே வந்தார்.

எங்கள் பிரிவில் பாதிப் பேருக்கு விழுங்குவதுதான் பிரச்சினை, அம்மா. தண்ணீரில்கூட ஒரு பொடியைக் கலந்து கூழ் போலக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூச்சுக்குழாயில் போய்விடும். ஒரு பாட்டி, தொண்ணூறு தாண்டியவர், ஞாபகம் முழுக்கப் போய்விட்டது. பெற்ற மகள் வந்தால் "நீங்கள் யார்?" என்று மரியாதையாகக் கேட்பார். ஸ்பூனைக் கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொள்வார். பங்குத்தந்தை அந்த ஏற்றாத திரிகளை, சிவப்பு நாடாவால் கட்டியிருந்தது, அவர் பக்கம் கொண்டுபோனார். யாரும் சொல்லவில்லை. பாட்டி தானாகவே முகவாயை மேலே தூக்கிக் கழுத்தைக் காட்டினார். சின்னப் பிள்ளை சட்டைப் பொத்தான் போட்டுவிடக் காட்டுவது போல. ஜெபம் முடிந்ததும் தெளிவாக "ஆமென்" என்றார்.

இரவு நான்தான் அவருக்கு ஊட்டினேன். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு தடவை இருமினார், பாதிக் கிண்ணத்தில் வாயை மூடிக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் முகவாயைத் தூக்கினார்.

சரி, தாள் தீரப்போகிறது. மார்ச் 5 திருநீற்றுப் புதன். அதற்கு முன்னால் ஊதா உடுப்பைக் காற்றாட விட வேண்டும். அப்புறம் மார்ச் 19, சூசையப்பர், அப்பாவின் பெயர் கொண்ட திருநாள். இந்த வருடம் அது புதன்கிழமை, எங்கள் கோவிலுக்கு வாய்த்திருக்கிறது. பெருவிழா என்பதால் தவக்காலத்தின் நடுவிலும் ஊதாவை மடித்து வைத்துவிட்டு வெள்ளை எடுப்போம். வானவர் கீதம் பாடுவோம். பீடத்தில் பூவும் வைக்கலாம். இங்கே எட்டு மணி என்றால் அங்கே பன்னிரண்டரை. அன்று பூ நான் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். சூசையப்பர் கையில் லில்லிதானே இருக்கிறது, லில்லி வை என்கிறார் கோவில்பிள்ளை அம்மா. எனக்கு அப்பாவுக்குப் பிடித்ததை வைக்க ஆசை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அது எந்தப் பூ என்று தெரியவில்லை. கேட்டு எழுதுங்கள்.

அன்பு மகள்