கடைமடைக்காரர் மட்டுமா கட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைநீரோடு கால்வாயில் கலக்கும் மாசைத் தடுக்கும் செலவை உள்ளாட்சிகள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பகிர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எந்தக் கணக்கில் பகிர்வது என்ற கேள்வியைத்தான் கட்டுரை ‘அவரவர் எல்லைக்குள் ஓடும் கால்வாயின் நீளத்துக்கு ஏற்ப’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. வம்பெல்லாம் அந்த வரியில்தான் இருக்கிறது.

பாசனத்தில் கடைமடைக்காரர் படும் பாடு தெரிந்ததே. தலைமடையில் இருப்பவர் எடுத்ததுபோக மிஞ்சியதுதான் அவருக்கு. வடிகாலில் இது தலைகீழ். மேலே இருப்பவர் கழித்துவிட்டதெல்லாம் கீழே இருப்பவர் வாசலுக்கு வந்து சேரும். நீளக் கணக்கில் பார்த்தால், கால்வாயின் கடைசிப் பகுதி முழுக்கத் தன் எல்லையில் கிடக்கிற குற்றத்துக்காகச் சிறிய ஊர் பெரும்பங்கைக் கட்ட வேண்டும். வடிகால் குழாய்களின் வாய்களை மட்டும் கால்வாயில் திறந்து வைத்திருக்கும் பெரிய நகரம் சில்லறையை நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் மழை பெய்யும்போது ஒரு வடிகால் வாயருகே நின்று பாருங்கள். முதலில் வருவதைத் தண்ணீர் என்று சொல்ல மனம் வராது. கறுத்துக் குழம்பிய திரவம். மேலே பல நிறம் காட்டும் எண்ணெய்ப் படலம். டயர் தேய்ந்த துகள், பிரேக் தேய்ந்த பொடி, மக்கிய இலை, விலங்குக் கழிவு, புல்வெளிக்குத் தூவிய உரம் எல்லாம் அதில் இருக்கும். மிதக்கும் பாட்டிலும் பையும் கண்ணில் படுவதால், கம்பிச் சல்லடை வைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் கால்வாயைக் கெடுப்பது சல்லடைக்குச் சிக்காத நுண்வண்டல். பாஸ்பரசும் உலோகங்களும் பெரும்பாலும் அதில் ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்கின்றன. பாசி பெருகி, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் செத்து மிதப்பதற்கு அந்தப் பாஸ்பரஸ் பெரிய காரணம்.

ஒரு ஹெக்டேர் பரப்பில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லட்சம் லிட்டர். திறந்த மண்ணாக இருந்தால் அதில் கணிசமான பங்கை நிலமே குடித்துவிடும். தாரும் கான்கிரீட்டும் கூரையுமாக இருந்தால் ஏறக்குறைய முழுவதும் வழிந்தோடி வடிகாலுக்குத்தான் வரும். ஆகவே பங்கு போட வேண்டியது மூடப்பட்ட நிலப்பரப்பை வைத்துத்தான். ஜெர்மனியில் பல நகரங்கள் வீட்டுக்காரரிடமே இப்படி வசூலிக்கின்றன: கூரையும் சிமெண்ட் தளமும் எத்தனை சதுர மீட்டரோ, அதற்கேற்ப மழைநீர்க் கட்டணம். வீட்டுக்கு வீடு போடக்கூடிய கணக்கை ஊருக்கு ஊர் போட முடியாதா?

ஊர்கள் கூடிச் செலவு செய்வது புதிய யோசனையும் அல்ல. அதே நாட்டின் ரூர் பகுதியில் எம்ஷர் ஆறு நீண்ட காலம் திறந்த சாக்கடைக் கால்வாயாகவே ஓடியது. சுரங்கங்களால் நிலம் உள்வாங்கிக்கொண்டே இருந்ததால் பூமிக்கடியில் குழாய் பதிக்க வழியில்லை. தனித்தனியாகச் சமாளிக்க முடியாது என்று கண்ட நகரங்களும் சுரங்கங்களும் ஆலைகளும் 1899-இல் ஒரே சங்கமாகக் கூடின. 1904-இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. சுரங்கங்கள் ஓய்ந்த பிறகு, 1992-இல் தொடங்கிய மீட்புப் பணிக்கு 500 கோடி யூரோவுக்கு மேல் செலவாயிற்று. 2021 இறுதியில் ஆற்றில் சாக்கடை கலப்பது நின்றது. முப்பது ஆண்டுகள்! ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவே முடிகிற வேலை இல்லை இது.

இதில் கசப்பான இடம் ஒன்று உண்டு. மாசைப் பிடிக்கச் சரியான இடம் பெரும்பாலும் அது புறப்படும் இடம்தான். வண்டல் படியும் குளத்தை மேலே இருக்கும் ஊரில் வெட்டினால் பயன் கீழே இருக்கும் ஊருக்கு. ‘எங்கள் வரிப்பணத்தை அடுத்த ஊர்க் குளத்தில் கொட்டுவதா?’ என்று கீழே இருப்பவர் கேட்பார். ‘எங்கள் நிலத்தை நாங்கள் ஏன் விட வேண்டும்?’ என்று மேலே இருப்பவர் கேட்பார். இரண்டும் நியாயமான கேள்விகள். நிலம் தருகிறவருக்கு அதன் மதிப்பைப் பங்குத்தொகையில் கழித்துக்கொடுத்தால் பாதிச் சண்டை அடங்கும்.

கட்டுமானத்துக்குப் பணம் எப்படியோ கிடைத்துவிடுகிறது; கல்வெட்டு வைக்கலாம் அல்லவா? தூர் வாருவதற்குக் கல்வெட்டு கிடையாது. வண்டல் தொட்டி நிரம்பிய பிறகு அப்படியே விட்டால், அடுத்த பெருமழை பிடித்து வைத்திருந்ததையும் கிளறிக் கால்வாயில் தள்ளிவிடும். தொட்டியை உறிஞ்சி எடுக்கும் லாரி, வண்டலைக் கொட்டும் இடம், ஆள் கூலி ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் யார் பொறுப்பு, எத்தனை பங்கு என்று எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடக்கூடாது.

அளப்பதும் அப்படித்தான். வெயில் நாளில் பாட்டிலில் பிடித்த தண்ணீர் மழைநீரைப் பற்றி எதுவும் சொல்லாது. ஓர் ஊரின் எல்லையைக் கால்வாய் கடக்கும் இடத்தில், மழை கொட்டும்போதே மாதிரி எடுக்க வேண்டும். மாதிரி எடுப்பவர் நனையத்தான் வேண்டும்.

அடுத்த முறை இது பற்றி எழுதும்போது கால்வாயின் நீளத்தோடு, எந்த ஊரின் எந்தத் தெருக்கள் அதில் வடிகின்றன என்ற வரைபடத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்